ஒற்றைக் கொம்பு

படி ஏறும்போது முழங்கால் போடுகிற சத்தம் அடுத்தவருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று இருமிக்கொண்டே ஏறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதாவது என் வயதுக்காரர்களுக்காக. மற்றவர்களும் படிக்கலாம், இடைவேளையில் எழுந்து போனால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் எழுத்தை அச்சுக்கு முன்னால் பார்த்துத் திருத்துகிற தம்பி ஒருவர் இருக்கிறார். தங்கமான பிள்ளை. எனக்கும் அவருக்கும் பல வருஷமாக ஒரே ஒரு சண்டைதான். நான் ‘பூ கெட்டினாள்’ என்று எழுதுவேன். அவர் ஒற்றைக் கொம்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு ‘பூ கட்டினாள்’ என்று ஆக்குவார். நான் மறுபடி நடுவேன். “மேடம், கெட்டின்னா சட்னி” என்பார். “எங்க திருவனந்தபுரத்துல அப்படித்தான் தம்பி” என்பேன். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாமல் நகைச்சுவை எழுதியே இத்தனை காலத்தை ஓட்டிவிட்டேன்.

போன மாதம் திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் மகளின் ஃபிளாட்டில் இருந்தேன். மலையாளத்தில் யோசித்து, இங்கிலீஷில் சம்பாதித்து, என்னிடம் மட்டும் போனால் போகிறதென்று தமிழ் பேசுகிறவள். சுவர் அகலத்துக்கு ஒரு டிவி வாங்கியிருக்கிறாள். அதில் ஏதோ ஒரு சானலில் அந்தப் படம் ஓடிற்று. தூசு தட்டி, துடைத்து, கறுப்பு வெள்ளையைப் பளபளவென்று ஆக்கியிருந்தார்கள்.

“அம்மா, இது உன் காலத்துப் படமல்லே?” என்றாள்.

“எனக்கும் முன்னாலே. நான் பார்த்தது பழைய பிரிண்ட். கோடு கோடா மழை பெய்யும்.”

திரையில் தபால்காரர் வந்தார். நான் எழுந்து, கையிலேயே இருந்த ரிமோட்டைச் சோபாவுக்கு அடியில் தேட ஆரம்பித்தேன்.

“எந்தாம்மா, அழறியா?”

“காட்ராக்ட்” என்றேன்.

படத்தின் பெயர் எதற்கு? கதையைச் சொன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும். மலை உடைக்கிற ஊர். காண்டிராக்டர் மகன் ஒருவனைக் கொன்றுவிடுகிறான். பழி ஒரு கல்லுடைக்கிறவன் மேல் விழுகிறது. அவன் மனைவி கைக்குழந்தையோடு வீடு வீடாகப் போய்க் கேட்கிறாள். ஒரு வீட்டிலும் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் ஊரில் ஒருவர்தான்: நொண்டித் தபால்காரர். அவர் மகளுக்குக் காண்டிராக்டர் தயவில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. ஆகவே வாயைத் திறக்க மாட்டார். கோர்ட்டுக் காட்சியில் அந்த மனைவி, கல்லுடைக்கிறவள் என்பதையே மறந்து, பத்து நிமிஷம் சுத்தத் தமிழில் பொரிந்து தள்ளுவாள். தபால்காரர் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து நிற்பார். கொட்டகையே எழுந்து நின்று கத்தும்: “சொல்லுய்யா! சொல்லித் தொலையேன்யா!”

எனக்குப் பத்து வயது. வலியசாலை அக்ரஹாரமே அந்தப் புரட்டாசியில் சாலைக் கடைத்தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த கொட்டகையில்தான் குடியிருந்தது. அப்பா சர்க்கார் ஆபீஸில் சூப்பிரண்டு. அவர் மலையாளத்தில் எழுதிய குறிப்புகளை மற்றவர்கள் மாதிரிக்கு எடுத்து வைத்துக்கொள்வார்களாம், அவரே சொன்னதுதான். சத்தம் போட்டுச் சிரிப்பதே மரியாதைக் குறைவு என்று நினைக்கிறவர். அவர்கூட “சொல்லேன்யா!” என்று கத்தினார். அம்மா தண்ணீர் மறுக்கிற காட்சியில் முந்தானையைப் பிழிந்து காய வைக்கிற அளவுக்கு அழுதாள். மத்தியானமே எங்கள் கொல்லைப்பக்கத்தில் மாலைக்காரி தாகத்துக்குக் கேட்டபோது, இரண்டு முழம் தள்ளி நின்று, செம்பை உயரத் தூக்கி, அவள் உள்ளங்கையில் ஊற்றியவளும் அதே அம்மாதான். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. டிக்கெட் வாங்கியது அழுவதற்கு. வீட்டில் அழ யார் டிக்கெட் கொடுத்தார்கள்?

மாலைக்காரி, பூவுக்குப் பேர்போன தோவாளை ஊர்க்காரி. அவளும் அவளைக் கெட்டினவனுமாகக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் அறையில் வந்து இறங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. நவராத்திரி ஒன்பது நாளும் எங்கள் வீட்டு அம்மனுக்கு மாலை, அன்றன்றைக்குப் பூத்த பூவில், எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து கெட்ட வேண்டும். அது எங்கள் குடும்பத்து வழக்கம். உட்காருகிற இடம் மட்டும் கொல்லையில், காலியாகக் கிடந்த மாட்டுக்கொட்டில். பூக்கூடை உள்ளே வரலாம். அவள் வரக்கூடாது. கெட்டி முடித்ததும் மாலையை வாழையிலையில் சுற்றிப் பின்கட்டு வாசற்படியில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள். யாராவது இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொள்வோம்.

அவள் மாலை கெட்டுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாழைநாரின் ஒரு நுனியைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொள்வாள். இடது கைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் பூவைப் பிடிக்கும். வலது கை செய்வது கண்ணுக்குத் தெரியாது. முல்லை, தெச்சி, அரளி, துளசி. துளசியைத் தொட்டுத் தொட்டு இடது கட்டைவிரல் நகம் பச்சையாகவே இருக்கும். ஈரச் சாக்கின் வாசனையும், நசுங்கின அரளிக் காம்பின் கசப்பும், எப்போதோ இருந்த மாட்டின் வாசனையும் சேர்ந்து அந்தக் கொட்டிலுக்கு ஒரு மணம் உண்டு.

நவராத்திரி லீவு. மத்தியானம் அம்மா கண்ணயர்ந்ததும் நான் கொட்டிலுக்குப் போய்விடுவேன். போகக் கூடாது என்று உத்தரவு, ஆகவே போவேன். மாலைக்காரி அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. மாட்டினி ஓடுகிற நேரம் அவளுக்குப் பூ நேரம். நான் தவணை முறையில் கதை சொன்னேன். கோர்ட்டுக் காட்சி வந்ததும் சொல்வது போதாமல் நடிக்க ஆரம்பித்தேன். அம்மாவின் கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நான் வக்கீல். கவிழ்த்துப் போட்ட பருத்திக்கொட்டைத் தொட்டிமேல் ஏறிக்கொண்டால் ஜட்ஜ். மாலைக்காரி குற்றவாளி. அவள் கைவேலையை நிறுத்தாமலே குற்றவாளியாக இருப்பாள்.

“நீ நேற்று மத்தியானம் என்ன செய்துகொண்டிருந்தாய்?”

“என்னத்தச் செய்ய? பூ கெட்டிட்டு இருந்தேன்.”

“கெட்டி இல்லே. கட்டி.”

“ஏன் பாப்பா, உங்க வீட்ல எல்லாரும் கெட்டின்னுதான சொல்லுகிய?”

“ஆத்துல சொல்லலாம். கோர்ட்டுல சொல்லப்படாது. சினிமால யாராவது கெட்டின்னு சொல்றாளா? ஜட்ஜ் சிரிப்பார்.”

“சிரிச்சா நல்லதுதான. சிரிச்சிட்டு விட்ருவாரு.”

“விளையாடாதே. எங்கே, சொல்லு. கட்டிட்டு.”

“கட்டிட்டு.”

“மாலை கட்டிட்டுப் போனேன்.”

“மால கட்டிட்டுப் போனேன். எம்மா, நாக்கு நார் மாதிரில்லா முறுக்குது.”

நாலைந்து நாளில் நன்றாகத் தேறிவிட்டாள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் மலையாளக் கவிதை ஒப்பித்ததில் முதல் பரிசு, வீட்டில் தமிழ், ஆக இரண்டு மொழிக்கும் நானே சொந்தக்காரி என்று ஒரு திமிர். கையில் ஒரு மாணவி சிக்கினால் விடுவேனா?

கதையை மட்டும் முடிக்கவில்லை. முடித்தால் நாளைக்குக் கேட்க மாட்டாளே. கூடையைத் தலையில் ஏற்றும்போதெல்லாம் அவள் கேட்பாள்: “அந்தத் தவால்காரன் சொன்னானா, இல்லையா?”

“நாளைக்கு” என்பேன்.

ஆறாம் நாள் மத்தியானம் நாங்கள் இரண்டாம் தடவை அந்தப் படத்துக்குப் போனோம். சித்தப்பா மட்டும் தலைவலி என்று வீட்டில் இருந்தார். அப்பாவின் தம்பி, வேலை தேடிக்கொண்டிருந்தார், தேடுவதை ரொம்ப நிதானமாகச் செய்துகொண்டிருந்தார். மீதி நேரத்தில் அமெச்சூர் டிராமாவில் நடித்தார். அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தார் என்று அவருக்கே தெரியாது. பல் தேய்க்கும்போது நுரையோடு கோர்ட்டு வசனம் பேசுவார். அப்போதுதான் ஆலப்புழையில் அவருக்கு ஒரு நல்ல இடத்தில் பெண் பார்த்து முடித்திருந்தார்கள்.

அன்றும் அழுது முடித்து, கண் சிவந்து, காப்பி குடித்துத் தூங்கினோம். மறுநாள் காலையில் விளக்கேற்றப் போன அம்மா பூஜை அறையில் இருந்து கத்தினாள். நவராத்திரிக்கு மட்டும் இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து அம்மன் கழுத்தில் போடுகிற காசுமாலை இல்லை. அம்மாவின் மாமியார் வழியில் வந்தது. பின்னால் கோத்திருந்த சிவப்புப் பட்டுக் கயிறு வெளிறிப் போயிருக்கும். குழந்தையில் ஒரு நவராத்திரிக்கு அதை எட்டிப் பிடிக்கத்தான் நான் முதல் அடி எடுத்து வைத்தேன் என்பார்கள். இரண்டு பூமாலைக்கு நடுவில் அம்மன் கழுத்து மூளியாக இருந்தது.

யார் முதலில் மாலைக்காரி என்று சொன்னார்கள்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் இல்லை. யாரும் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவளைப் பூஜை அறைக்குள் விட்டதே கிடையாது. பின்கட்டுப் படியைத் தாண்டவே விட்டதில்லை. எங்கள் வீட்டுத் தீட்டே அவளுக்காகச் சாட்சிக் கூண்டில் ஏறியிருக்க வேண்டும். அது ஏறவில்லை. “நாம சினிமாவுக்குப் போன சமயத்துல ஏறியிருப்பா” என்றார் அப்பா. “நீ ஆத்துலதானேடா இருந்தே? பாக்கலையா?” என்று அம்மா சித்தப்பாவைக் கேட்டாள்.

“தலைவலி மன்னி. மாடில படுத்திருந்தேன்” என்றார் சித்தப்பா. அவர் பல் தேய்க்கும்போது அன்று வசனம் பேசவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்ததை என்ன செய்வது என்று பத்து வயதில் தெரியாது.

மத்தியானம் ஏட்டு வந்தார். கனத்த மனிதர், சாந்தமானவர், அப்பாவைக் கண்டதும் “ஸாறே” என்று எழுந்து நின்றவர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல என்னால் முடியாது. இந்தக் கதையில் கெட்டவர் கிடைத்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருக்கும். தமிழ் அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. வழக்கமான நேரத்துக்கு மாலைக்காரி கூடையோடு வந்தாள். அன்றைக்கு அவளை உள்ளே வரச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவள் எங்கள் கூடத்துக்குள் காலை வைத்தாள். எங்கே நிற்பது என்று தெரியாமல், தூணுக்கும் சுவருக்கும் நடுவில், எதிலும் படாமல் நின்றாள்.

ஏட்டு நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். பக்கத்தில் அப்பா. அம்மா சமையலறை நிலைப்படியில். சித்தப்பா மாடிப்படியின் மூன்றாம் படியில். நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால்.

“நீ இன்னலெ உச்சைக்கு இவிடெ வந்நோ?” நேற்று மத்தியானம் இங்கே வந்தாயா?

“வந்தேன் சாமி.”

“வந்நிட்டு எந்து செய்து?” வந்து என்ன செய்தாய்?

அவள் என்னைப் பார்த்தாள். இதைத்தான் நான் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. ஏட்டைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை. முந்தானைக்குப் பின்னால் இருந்த என்னைத் தேடிப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இருந்தது. ஆனால் அதற்கு மேலே, பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்துவிட்ட மாதிரி ஒரு வெளிச்சமும் இருந்தது. கைகூப்பி, நிமிர்ந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

“மால கட்டிட்டுப் போனேன்.”

ஏட்டின் பென்சில் நின்றது.

மலையாளத்தில் பூ கெட்டுவது என்றால் ‘கெட்டு’தான். நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தது. அவள் தோவாளையில் சொல்லிவந்தது. ‘கட்டு’ என்றால் வேறு. ‘கட்டு’ என்றால் களவாடி. கழுத்து நகையும் அவர்களுக்கு மாலதான். மால கட்டிட்டுப் போனேன்: நகையைத் திருடிவிட்டுப் போனேன். அந்த ஒற்றைக் கொம்பு இருந்திருந்தால் ஏட்டுக்கு அது பூமாலை.

“எந்தா? ஒந்நூடெ பற” என்றார் ஏட்டு. இன்னொரு தரம் சொல்.

ஜட்ஜுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தாள் பாவி. குரலை உயர்த்தினாள். “கட்டிட்டுத்தான் போனேன் சாமி. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது. மால கட்டிட்டு நேரா வீட்டுக்குப் போனேன்.”

அம்மாவுக்குத் தெரிந்தது கறிகாய்க்காரியிடம் பேரம் பேசுகிற மலையாளம். அவளுக்கே புரிந்துவிட்டது, கை வாய்க்குப் போயிற்று. குறிப்பெழுதிப் பேர் வாங்கின அப்பாவுக்குப் புரியாமல் போகுமா? அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எடுத்ததை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். அதே நேரத்தில் அவர் பார்வை மாடிப்படிக்குப் போயிற்று. சித்தப்பா மூன்றாம் படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அவரை எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு மனிதனுக்குத் தன் தம்பியைப் புரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்.

“ஸாறே, எழுதட்டே?” என்று கேட்டார் ஏட்டு.

“எழுதிக்கோளூ” என்றார் அப்பா.

சரி, அப்பாவை விடுங்கள். அவர் கதை அவரோடு போயிற்று. நான்?

எனக்குத் தெரியும். அந்தக் கூடத்தில் எல்லோரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். தப்பை விதைத்ததே நான். “அது கெட்டி, ஏட்டு மாமா” என்று ஐந்து வினாடியில் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஒரு கம்பீரமான காரணம் கண்டுபிடிக்க வெகுகாலம் முயன்றேன். அப்பா மீது பயம், போலீஸ் மீது பயம், குடும்ப மானம் என்றெல்லாம் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. உண்மைக் காரணம் இதுதான்: சொன்னால், இவளுக்கு நீ எப்போது சொல்லிக் கொடுத்தாய் என்று கேட்பார்கள். கொட்டிலில் அவளோடு உட்கார்ந்தது தெரிந்துவிடும். அம்மாவின் கம்பளியை அங்கே கொண்டுபோனது தெரிந்துவிடும். கிணற்றடியில் நிற்க வைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். நாலு அடி விழும். அடுத்த சினிமாவுக்குக் கூட்டிப்போக மாட்டார்கள். தராசின் ஒரு தட்டில் ஒரு பெண்ணின் வாழ்வு. மறு தட்டில் ஒரு குளியலும் நாலு அடியும். குளியல் கனத்தது.

அவளை அழைத்துப் போனார்கள். கூடை கூடத்திலேயே இருந்தது. அவளுக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. தெருக்கோடி வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். சரியாகச் சொன்னவளை ஏன் கூட்டிப்போகிறார்கள் என்று கேட்கிற முகம் அது.

அடுத்த நாள் சாயங்காலம் புத்தகங்களைப் பூஜைக்கு வைத்தோம். அதன் பிறகு விஜயதசமி வரை ஒருவரும் எழுதக் கூடாது, படிக்கக் கூடாது. ஏட்டு முந்தின நாளே எழுதிவிட்டிருந்தார்.

விஜயதசமி காலையில் அம்மா இரும்புப் பெட்டியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காசுமாலை உள்ளே இருந்தது. பின்னால் புதுக் கயிறு. பச்சை.

யாரும் கத்தவில்லை. அப்பா பெட்டியை மூடினார். கதவைச் சாத்தினார். நான் கதவுக்கு வெளியே.

“அவளை வெளில எடுக்கப்படாதா?” என்றாள் அம்மா.

“எழுதியாச்சு.”

“மாலை கெடைச்சுடுத்துன்னு சொன்னா?”

“எங்கேருந்து கெடைச்சதும்பான். என்ன சொல்லுவே? ஆலப்புழைக்காராளுக்கு என்ன சொல்லுவே? பொய் கேஸ் குடுத்தோம்னு என் வேலைக்கும் வரும்.”

“ஏன்னா, அவ பாவமாக்கும்.”

“பாவம்தான்” என்றார் அப்பா. அந்தக் குரலை நான் கொட்டகையில் கேட்டிருக்கிறேன். அதே இரக்கம், அதே கரகரப்பு.

பிறகு எல்லோரும் பூஜைக்கு உட்கார்ந்தோம். எங்கள் ஊரில் விஜயதசமியன்று பெரியவர்கள்கூடத் தாம்பாளத்து அரிசியில் விரலால் எழுத வேண்டும். என் முறை வந்தது. ஹரிஸ்ரீ எழுத வேண்டிய இடத்தில் நான் ஒரு கொம்பு போட்டேன். பக்கத்தில் ககரம். அப்பா குனிந்து பார்த்தார்.

“என்ன எழுதறே?”

கேட்டால் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதினேன். கேட்டார். “ஒண்ணுமில்லே” என்று அரிசியை நிரவிவிட்டேன்.

சித்தப்பா திருடவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் செத்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு போட்டோ கிடைத்தது. நவராத்திரிக்குப் போட்ட டிராமா. சித்தப்பா நீதி வழங்குகிற ராஜா. அட்டைக் கிரீடம், உண்மையான கண்ணீர். பக்கத்தில் ராணி, கழுத்தில் எங்கள் காசுமாலை. இரண்டு நாளில் திருப்பி வைத்துவிடலாம் என்று எடுத்திருக்கிறார். அதற்குள் போலீஸ் வந்துவிட்டது. டிராமாக்காரிக்குக் கொடுத்தேன் என்று சொன்னால் ஆலப்புழை போய்விடும். ஆக, எங்கள் வீட்டில் திருடர் ஒருவரும் கிடையாது. சொல்லாதவர்கள் மட்டும் நான்கு பேர் இருந்தோம்.

போலீஸிடம் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் செல்லாது என்று பின்னாளில் ஒரு வக்கீல் சொன்னார். செல்லவில்லைதான். கேஸ் நிற்கவில்லை. ஆனால் அது நிற்கவில்லை என்று தெரிவதற்குள் எட்டு மாதம். ஜாமீனுக்குச் சொந்த வீடு உள்ள இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். சொந்த வீட்டுக்காரர்களாக அவளுக்குத் தெரிந்தவர்கள் எங்கள் தெருவில்தான் இருந்தார்கள். அவளைக் கெட்டினவன் ஒரு நாள் எங்கள் வாசலில் வந்து வெகுநேரம் நின்றான். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு விசிறியை எடுத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். பிறகு அவனைக் காணவில்லை. தோவாளைக்குப் போய்விட்டான் என்றார்கள். வேறு கல்யாணம் என்றும் சொன்னார்கள்.

அம்மா அதற்குப் பிறகு சாகும் வரை சாமிக்கு மாலை போடவில்லை. உதிரிப்பூதான். ஏன் என்று கேட்டால் “வேண்டுதல்” என்பாள். அந்தப் படம் அடுத்த வருஷம் மறுபடி வந்தது. போனோம். அழுதோம். படத்தில் கடைசி ரீலில் தபால்காரர் பையைத் தோளில் போட்டபடி நொண்டி நொண்டிக் கோர்ட்டுக்குள் ஓடி வந்து உண்மையைச் சொல்லிவிடுவார். கொட்டகை கைதட்டியது. அப்பாவும் தட்டினார். நான் அவர் கைகளைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அந்தக் கடைசி ரீல் வரவே இல்லை.

அவளை இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்தேன். மழைக்காலம் தொடங்கிப் பள்ளிக்கூடம் திறந்திருந்தது. சாயங்காலம் புத்தகப் பையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு தெருமுனைக்கு வந்தேன். கோயில் மதிலோரம் நின்றுகொண்டிருந்தாள். பூக்கூடை இல்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. இடது கையைப் புடவைத் தலைப்பில் மறைத்திருந்தாள். காற்றில் தலைப்பு விலகியபோது பார்த்தேன். கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொட முடியாதபடி எதிரெதிர்ப் பக்கமாக விறைத்து நின்றன. எங்கே, எப்படி என்று நான் கேட்கவில்லை. நகத்தில் பச்சை இல்லை.

“நல்லா இருக்கியா பாப்பா?”

தலையாட்டினேன்.

“உள்ள ஒரு மலையாளத்துக்காரி இருந்தா. அவதான் சொன்னா, நான் என்ன சொன்னேம்னு.” விறைத்த கையை மறுபடி தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன். “பாப்பாக்கு மலையாளம் தெரியும்லா?”

மலையாளக் கவிதை ஒப்பித்ததில் முதல் பரிசு வாங்கினவள் சொன்னேன்: “தெரியாது.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு மெல்லத் தலையாட்டினாள்.

“அப்பச் சரி. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பே. நான் அப்படித்தான் நெனச்சேன் மக்கா.”

அந்த மழையில் நான் நின்ற இடத்தை இப்போதும் காட்ட முடியும். அவள் நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பினாள்.

“அந்தத் தவால்காரன்,” என்றாள், “கடசீல சொன்னானா?”

“சொன்னான்.”

“சொல்லுவான், சொல்லுவான்” என்றாள். “சினிமால்லா.”